உயர்நிலை இரண்டில் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது: பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் குவிய ஆரம்பித்துவிடும். "அக்கா, பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கு, ஒண்ணும் புரியலை" என்றுதான் பாதிக்கு மேல் தொடங்கும். உயர்நிலை மூன்றிலிருந்து எந்தப் பாடங்களைப் படிப்பது என்று உயர்நிலை இரண்டில் குறித்துக் கொடுக்கும் படிவம் அது. நான் கல்வி அமைச்சில் வேலை பார்ப்பவள் இல்லை. சிங்கப்பூரில் ஈசூனில் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாடம் எடுக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளையும் உயர்நிலைப் பள்ளியைத் தாண்ட வைத்தாயிற்று. மகள் தொடக்கக் கல்லூரி வழியாகப் போனாள், மகன் பாலி வழியாகப் போனான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு போட்டுத் தொண்டை கட்டிவிட்டதால், அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நாம் வீட்டில் பேசும் பெயர்களையே எழுதுகிறேன்: ஜேசி என்றால் தொடக்கக் கல்லூரி, பாலி என்றால் பலதுறைத் தொழிற்கல்லூரி, ஐடிஇ என்றால் தொழில்நுட்பக் கல்விக் கழகம்.

உயர்நிலைப் பள்ளியை முடிக்க மொத்தம் எத்தனை பாடம் 'பாஸ்' ஆகணும்?

அப்படி ஓர் எண் இங்கே கிடையாது. இந்தக் கேள்வி பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசிவிட்டு வருகிறது. அங்கே ஒவ்வொரு மாநிலமும் பட்டியல் போட்டு வைத்திருக்கும். கலிஃபோர்னியாவில் ஆங்கிலம் மூன்று ஆண்டு, கணிதம் இரண்டு ஆண்டு, அறிவியல் இரண்டு ஆண்டு என்று படித்து முடித்தால்தான் உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் கையில் வரும். இங்கே அந்தப் பட்டயமே இல்லை. கடைசித் தேர்வை எழுதுகிறோம்; எந்தப் பாடம், எந்த நிலை, என்ன தரம் என்று சான்றிதழ் சொல்கிறது. அதை வைத்து அடுத்த இடம் கதவைத் திறக்குமா என்பதுதான் கணக்கு.

அதனால் பாடம் தேர்ந்தெடுப்பதைப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்து பார்க்க வேண்டும். பிள்ளை போக நினைக்கும் இரண்டு மூன்று இடங்கள் என்ன கேட்கின்றன என்று முதலில் பாருங்கள், படிவத்தை அப்புறம் கையில் எடுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு யோசனையைச் சுற்றித்தான்.

விரைவுநிலை, வழக்கநிலை எல்லாம் போய்விட்டதாமே. இப்போது என்ன முறை?

பிள்ளைகளைத் தனித்தனி வகுப்புகளாகப் பிரித்து வைத்த அந்தப் பிரிவுகள், 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து இல்லை. பாடத்துக்குப் பாடம் நிலை மாறும் இந்தப் புது முறைக்கு ஃபுல் எஸ்பிபி என்று பெயர். பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுப் புள்ளியை வைத்து (குறைவுதான் நல்லது) 1, 2, 3 என்று மூன்று சேர்க்கைக் குழுக்களில் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். மொத்தம் 4 முதல் 20 வரை வாங்கியவர்கள் மூன்றாம் குழு. 21, 22 என்றால் இரண்டா மூன்றா என்று தேர்ந்தெடுக்கலாம். 23, 24 இரண்டாம் குழு; 25 என்றால் ஒன்றா இரண்டா என்பது உங்கள் விருப்பம். 26 முதல் 30 வரை முதல் குழு, அதற்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது ஏஎல்7 வேண்டும் (ஏஎல் என்பது ஒரு பாடத்தின் தரம், ஏஎல்1தான் மிகச் சிறந்தது).

ஆனால் குழு என்பது பள்ளிக்குள் நுழைவதற்கான சீட்டு மட்டும்தான். உள்ளே போனதும் பாடங்கள் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் நடக்கும், ஜி3தான் மேல் நிலை. ஒரே பிள்ளை தமிழை ஜி3லும் கணிதத்தை ஜி2விலும் படிக்கலாம். பிஎஸ்எல்இயில் ஒரு பாடத்தில் ஏஎல்5 அல்லது அதைவிட நன்றாக வாங்கியிருந்தால் அந்தப் பாடத்தை ஆரம்பத்திலேயே ஜி3ல் எடுக்கலாம். வகுப்பறையும் கலவையாக இருக்கும். இசை, ஓவியம், உடற்கல்வி, உணவும் பயனீட்டாளர் கல்வியும் போன்ற பாடங்களை மூன்று குழுப் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள்.

2024ல் சேர்ந்தவர்கள் 2027ல் எழுதப்போவது சாதாரண நிலைத் தேர்வும் (ஓ லெவல்) இல்லை, வழக்கநிலைத் தேர்வும் (என் லெவல்) இல்லை. இரண்டுக்கும் பதிலாக எஸ்இசி என்ற ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. தரம் போடும் முறை பழையதுதான்: ஜி3க்கு ஏ1 முதல் எஃப்9 வரை, ஜி2வுக்கு 1, 2, 3 என்று எண்கள், ஜி1க்கு ஏ, பி, சி என்று எழுத்துகள்.

மகள் பிஎஸ்எல்இயில் 23. இரண்டாம் குழு. அப்போ ஜேசி கனவு முடிஞ்சுதா அக்கா?

முடியவில்லை. ஆனால் தானாகவும் நடக்காது. ஜேசி பார்க்கும் ஐந்து பாடங்களும் ஜி3 நிலையில் இருக்க வேண்டும். ஆகவே உயர்நிலை ஒன்று, இரண்டிலேயே ஒவ்வொரு பாடமாக ஜி3க்கு ஏற வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து வரலாறு, புவியியல், இலக்கியம் போன்றவற்றையும் மேல் நிலையில் எடுக்க வழி இருக்கிறது. பெற்றோர் செய்யக்கூடிய ஒரு காரியம்: ஆண்டுக் கடைசி வரை காத்திருக்காமல், "இந்தப் பாடத்தில் மேலே போக எவ்வளவு மதிப்பெண் எதிர்பார்க்கிறீர்கள்?" என்று ஆசிரியர்–பெற்றோர் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பள்ளிக்குப் பள்ளி பதில் மாறும்.

எதெல்லாம் கட்டாயம், எதை நாம் தேர்ந்தெடுக்கலாம்?

ஆங்கிலம், தாய்மொழி, கணிதம் மூன்றும் யாருக்கும் தப்பாது. ஜி3 பக்கம் போகிறவர்களுக்குக் குறைந்தது ஓர் அறிவியலும், மனிதவியலில் ஒன்றும் உண்டு. அந்த மனிதவியல் பாடத்தில் பாதி சமூகவியல் (சோஷியல் ஸ்டடீஸ்). மீதிப் பாதிக்கு வரலாறு, புவியியல், இலக்கியம் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மேல் இருப்பதுதான் உங்கள் கையில்: ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்), தனித்தனி அறிவியல், முழு வரலாறு அல்லது முழுப் புவியியல், கணக்குப்பதிவியல், ஓவியம், கம்ப்யூட்டிங், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று போகும்.

எல்லாப் பள்ளியிலும் எல்லாம் கிடைக்காது. பைதான் எழுதச் சொல்லித்தரும் கம்ப்யூட்டிங் பாடத்துக்கு ஆசைப்பட்டு, தங்கள் பள்ளியில் அது இல்லவே இல்லை என்று உயர்நிலை இரண்டில் தெரிந்துகொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிஎஸ்எல்இ முடிந்து பள்ளியைத் தேடும்போதே மேல்வகுப்புப் பாடப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. அந்த நேரத்தில் நம்மவர்கள் பெரும்பாலும் எம்ஆர்டி எத்தனை நிறுத்தம் என்றுதான் பார்க்கிறோம், நானும் அப்படித்தான்.

ஏ மேத்ஸ் எடுக்காவிட்டால் எதிர்காலமே போச்சா?

மிக அதிகமாக வரும் கேள்வி. இதற்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

மகன் உயர்நிலை இரண்டில் இருந்தபோது ஒரு பச்சைத் தாள் வந்தது. அதில் ஏழெட்டு காம்பினேஷன்கள். விருப்ப வரிசையில் எண் போட வேண்டும். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்துப் பென்சிலால் எண் போட்டோம். முதல் இரண்டிலும் ஏ மேத்ஸ் இருந்தது. மூன்றாவதை அவன் கையால் மறைத்துக்கொண்டே நிரப்பினான். அதில் ஏ மேத்ஸ் இல்லை, அவனுடைய நெருங்கிய நண்பன் இருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் இரண்டுக்கும் கணிதத்தில் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டும் என்று பள்ளி தாளில் எங்கும் போடவில்லை. விளக்கக் கூட்டத்தில் வாய்வழியாகச் சொன்னார்களாம், அன்று எனக்கு இரவு வேலை. சில மதிப்பெண் குறைந்து மூன்றாவது காம்பினேஷன்தான் கிடைத்தது.

நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நடந்தது என்னவென்றால், அவன் ஈ மேத்ஸ் (எல்லாரும் படிக்கும் அடிப்படைக் கணிதம்) தரத்தை வைத்தே பாலியில் இயந்திரப் பொறியியல் பட்டயப் படிப்பில் சேர்ந்துவிட்டான். பாலிகளில் பொறியியல் படிப்புகள் கணிதம் கேட்கின்றன, அது ஈ மேத்ஸாகவும் இருக்கலாம். ஆனால் முதல் பருவத்தில் நுண்கணிதம் வந்தபோது, பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது பழைய பாடம், இவனுக்குப் புதிது. புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் ஒரு சீனியர் கொடுத்த நோட்டை வைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பான். முதல் பருவம் அடி. அப்புறம் சமாளித்துக்கொண்டான்.

ஆக, கணக்கு இதுதான். ஜேசிக்குப் போய் ஹெச்2 (ஜேசியின் முழு அளவுப் பாட நிலை) கணிதம் எடுக்க நினைத்தால் ஏ மேத்ஸ் ஏறக்குறைய அவசியம். அந்தப் பாடத்திட்டமே ஏ மேத்ஸ் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தில் பொறியியல், கணினி அறிவியல் போன்றவற்றுக்கு ஜேசி வழியாகப் போகிறவர்களிடம் ஹெச்2 கணிதம் எதிர்பார்க்கிறார்கள். பாலி வழி என்றால் ஏ மேத்ஸ் இருந்தால் வசதி, இல்லாவிட்டாலும் வழி உண்டு. சட்டம், ஊடகம், சமூகப்பணி, பாலர் கல்வி பக்கம் போகும் பிள்ளைக்கு, வெறுக்கும் ஏ மேத்ஸைத் திணித்து, அதற்கு ஒரு துணைப்பாடமும் வைத்து, மற்ற பாடங்களின் தரத்தையும் கெடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஈ மேத்ஸில் இயற்கணிதம் தடுமாறும் பிள்ளைக்கு ஏ மேத்ஸ் இரண்டு மடங்கு தடுமாறும். சொல்லிவிட்டேன், அப்புறம் உங்கள் இஷ்டம்.

டிரிப்பிள் சயன்ஸா, கம்பைண்டு சயன்ஸா?

மருத்துவத்தை மனதில் வைத்துத்தான் நம் வீடுகளில் டிரிப்பிள், அதாவது மூன்று அறிவியலும் தனித்தனிப் பாடமாக, கேட்கிறோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மருத்துவத்துக்கு ஹெச்2 வேதியியல் வேண்டும். அதோடு உயிரியல் அல்லது இயற்பியல், இரண்டில் ஒன்று போதும். மூன்றும் தேவையில்லை. அதனால் வேதியியலைத் தனிப்பாடமாக எடுத்து, கூட இன்னொன்றையும் எடுத்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கும். கம்பைண்டு சயன்ஸில் இரண்டு அறிவியலின் பாதிகள் சேர்ந்து ஒரே பாடமாக வரும். பெரும்பாலான பாலி படிப்புகளுக்கு அது போதும். கம்பைண்டு எடுத்த பிள்ளையை ஜேசியில் ஹெச்2 அறிவியலுக்கு எடுப்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதால், நினைத்திருக்கும் கல்லூரியின் திறந்த நாள் விழாவுக்குப் போய் நேரிலேயே கேளுங்கள்.

புள்ளிக் கணக்கை ஒரு தடவை நிதானமாகச் சொல்லுங்களேன்.

குறைந்த புள்ளிதான் நல்லது, முதலில் அதை மனதில் வையுங்கள். ஏ1 என்றால் 1, எஃப்9 என்றால் 9.

ஜேசிக்கு இதுவரை ஆறு பாடங்களைக் கூட்டி 20க்குள் இருக்க வேண்டும். 2028 சேர்க்கையிலிருந்து ஐந்து பாடங்கள்தான், 16க்குள். ஆங்கிலம் அல்லது உயர்தாய்மொழி (உயர்தமிழ் போல, தாய்மொழியின் மேல்நிலைப் பாடம்) ஒன்று, மனிதவியல் ஒன்று, கணிதம் அல்லது அறிவியலில் ஒன்று, இந்தப் பிரிவுகளிலிருந்தே இன்னொன்று, கடைசியாக ஏதாவது ஒன்று. 16 என்பது வாசற்படி மட்டும்தான். பெயர்பெற்ற கல்லூரிகளில் அந்தப் புள்ளியோடு இடம் கிடைக்காது.

பாலிக்கு ஆங்கிலம், படிப்புக்குத் தொடர்புள்ள இரண்டு பாடம், அப்புறம் மிக நன்றாகச் செய்த இரண்டு பாடம். இதிலும் 2028லிருந்து ஒரு மாற்றம்: அந்தக் கடைசி இரண்டில் ஒன்று ஜி2 நிலையில் இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். 'தொடர்புள்ள பாடம்' என்ற இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாலிகள் படிப்புகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்திருக்கின்றன. பொறியியல், அறிவியல் வகைக்குக் கணிதமும் அறிவியலும் தொடர்புள்ளவை. வணிக வகைக்குக் கணிதத்தோடு கணக்குப்பதிவியல், மனிதவியல் போன்றவையும் கணக்கில் வரும். ஐந்து பாலிகளின் இணையப் பக்கங்களிலும் ஒவ்வொரு படிப்புக்கும் கீழே இது தெளிவாக இருக்கும். பிள்ளைக்குப் பிடித்த மூன்று படிப்புகளைத் திறந்து வைத்து, அவற்றில் பொதுவாக வரும் பாடங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அரை மணி நேர வேலை. நான் பார்த்தவரை நூறு பேரின் ஆலோசனையைவிட அந்தத் தாள் உதவியிருக்கிறது.

இன்னொன்றும் இதில் தெரியும். எட்டாவது பாடம் எதற்கு? எந்தக் கணக்கிலும் ஐந்து பாடங்கள்தான் வருகின்றன. பிள்ளை விரும்பிப் படிக்கிறது என்றால் சரி, பக்கத்து வீட்டுப் பையன் எட்டு எடுக்கிறான் என்பதற்காக வேண்டாமே.

ஜி3ல் தட்டுத்தடுமாறி சி6 வாங்குவதா, ஜி2வில் நிம்மதியாக 1 வாங்குவதா?

இதற்கு ஒரே பதில் கிடையாது, ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. பாலிக்குள் நுழைய இன்னொரு வாசல் பாலிடெக்னிக் அடித்தளத் திட்டம். ஓராண்டு அடித்தளம், பிறகு பட்டயப் படிப்பு. ஜி2 தரங்களை வைத்துத்தான் அதற்குப் புள்ளி பார்க்கிறார்கள்: ஆங்கிலம், கணிதம், சிறந்த மூன்று என்று ஐந்து பாடம், இதுவரை 12 புள்ளிக்குள். ஜி3ல் எழுதிய பாடத்தை அங்கே ஜி2 தரமாக மாற்றிக் கணக்கிடுவார்கள். ஏ1 முதல் பி3 வரை வாங்கினால் அது 1. பி4 முதல் சி6 வரை 2. டி7 என்றால் 3. இ8 என்றால் 4.

அதாவது ஜி3 கணிதத்தில் சி6 வாங்கிய பிள்ளைக்கு அந்த வாசலில் 2 என்று எழுதிக்கொள்வார்கள். ஜி2விலேயே இருந்திருந்தால் ஒருவேளை 1 வாங்கியிருக்கும், இழப்பு ஒரே ஒரு புள்ளி. அதற்குப் பதிலாக நேரடி பாலி முதலாண்டு என்ற கதவும் திறந்திருக்கிறது. நேரடியாகப் போக ஐந்தில் நான்கு ஜி3ல் வேண்டுமே, ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலமும் தொடர்புள்ள இரண்டு பாடமும் அதில் அடக்கம். எனவே ஆங்கிலம், கணிதம், போக நினைக்கும் துறைக்கு வேண்டிய பாடம் இவற்றில் ஜி3க்கு முயற்சி செய்வதில் பயன் இருக்கிறது. தொடர்பே இல்லாத பாடத்தில் ஜி3 என்ற பெருமைக்காக உயிரை விட வேண்டாம்.

இ8, எஃப்9 என்று போகும் நிலை என்றால் கதை வேறு. அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா வகுப்பிலும் நிறுத்தப்பட்டுவிட்டன, அதனால் பிள்ளை தடுமாறுவது நமக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. வகுப்பில் நடக்கும் சிறு மதிப்பீடுகளின் தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு தடவை தொடர்ந்து விழுந்தால் நிலை மாற்றுவது பற்றி ஆசிரியரிடம் பேசலாம். மாற்றினால் பிள்ளைக்கு அவமானம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். பிள்ளைகளுக்கு இப்போது இது சகஜம். ஒரே வகுப்பில் ஆளுக்கொரு நிலை.

தமிழை ஏன் விடக்கூடாது? உயர்தமிழ் எடுத்தால் லாபமா?

தமிழ் ஆசிரியையிடம் கேட்டால் வேறென்ன சொல்வேன் என்று நினைக்காதீர்கள், கணக்கோடுதான் சொல்கிறேன். ஜேசிக் கணக்கில் ஆங்கிலத்தின் இடத்தில் உயர்தமிழை வைக்கலாம். ஆங்கிலத்தில் பி4, உயர்தமிழில் ஏ2 என்றால் அங்கேயே இரண்டு புள்ளி மிச்சம், ஆங்கிலத்தில் குறைந்தபட்சத் தேர்ச்சி மட்டும் தனியாக வேண்டும். உயர்தமிழில் தேறிய பிள்ளை ஜேசியில் தாய்மொழிப் பாடம் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. அந்த நேரம் மற்ற பாடங்களுக்குக் கிடைக்கும்.

பள்ளியில் உயர்தமிழ் இல்லை, அல்லது தமிழே இல்லை என்றால் பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. பல பள்ளிப் பிள்ளைகள் பள்ளி முடிந்து அங்கே வந்து படிக்கிறார்கள். ஜூரோங்கிலிருந்து வருகிற பிள்ளை ரயிலிலேயே தூங்கி, ஃபேரர் பார்க்கில் யாராவது எழுப்பி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் எத்தனை நாள், இணைப்பாட நடவடிக்கை எந்த நாள் என்று அட்டவணை போட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். பேச்சில் சரளமாக இருந்து எழுத்தில் ஒற்றுப்பிழை மட்டும் வரும் பிள்ளையை நான் தயங்காமல் அனுப்புவேன். வீட்டில் தமிழே புழங்காத பிள்ளைக்கு ஜி3 தமிழில் நல்ல தரம் வாங்குவதே பெரிய காரியம்.

தமிழை வைத்து என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: ஆசிரியர் பணி, மொழிபெயர்ப்பு, வசந்தம், ஒலி 96.8 போன்ற ஊடகங்கள் இருக்கின்றன. ஜேசியில் ஹெச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் எடுக்கலாம். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழில் பட்டப்படிப்பே உண்டு.

நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து இப்போதுதான் வந்தோம். மகன் எட்டாவது முடித்திருக்கிறான்.

அங்கே பத்தாவது முடித்துத்தான் குரூப் எடுப்பார்கள், அதனால் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகிறீர்கள். இங்கே பதினான்கு வயதிலேயே அந்த முடிவு வந்துவிடும். வெளிநாட்டு மாணவர்கள் அரசாங்கப் பள்ளியில் சேர ஏஇஐஎஸ் என்ற தேர்வு எழுதுகிறார்கள். ஆங்கிலமும் கணிதமும் இருக்கும், உயர்நிலையில் முதல் மூன்று வகுப்புகளுக்குத்தான் அதன் வழியாகச் சேர முடியும். பிள்ளை மூன்றாம் வகுப்பில் சேர்ந்தால் காம்பினேஷன் கிட்டத்தட்ட பள்ளியில் எது காலியாக இருக்கிறதோ அதுதான். ஒரு வகுப்பு குறைத்துச் சேர்ப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பாடத் தேர்வுக்கு நேரம் கிடைக்கிறது. வீட்டில் இந்தி, உருது, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளம் பேசுகிறவர்கள் தமிழுக்குப் பதிலாக அதையே தாய்மொழிப் பாடமாகக் கேட்கலாம்.

என் பிள்ளைக்கு என்ன ஆகணும்னே தெரியலை. கேட்டா தோளைக் குலுக்குறான்.

பதினான்கு வயதில் தெரிந்தால்தான் ஆச்சரியம். 'என்ன ஆகப் போறே?' என்ற கேள்வியை விடுங்கள். 'எந்தப் பாடத்தின் வீட்டுப்பாடத்தை நான் சொல்லாமலேயே முதலில் செய்கிறாய்?' என்று கேளுங்கள். என் மாணவி ஒருத்தி இதற்கு 'உணவுப் பாடம்' என்றாள். அவள் அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. பேசப் பேசத்தான் தெரிந்தது, பிள்ளைக்குப் பிடித்தது சமையல் இல்லை, பொட்டலத்தின் பின்னால் இருக்கும் ஊட்டச்சத்து அட்டவணை. உணவு அறிவியல் பாலியில் பட்டயப் படிப்பாகவே இருக்கிறது. அதற்கு வேதியியல் கைகொடுக்கும். அவள் காம்பினேஷன் அங்கேயே முடிவானது.

மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் மாணவர் தளத்தில் ஆர்வத்தைக் கண்டறியும் கேள்விகள் இருக்கின்றன. பள்ளிகளில் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகர் உண்டு; மின்னஞ்சல் போட்டால் நேரம் தருவார். இலவசமாகக் கிடைப்பதாலோ என்னவோ, நம்மவர்கள் அவரிடம் போவது குறைவு. படிப்பில் உதவி வேண்டுமென்றால் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) ஸ்டெப் துணைப்பாட வகுப்புகள் இருக்கின்றன, கட்டணம் வெளியே கேட்பதைவிட மிகக் குறைவு.

ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கு நான் சொல்லும் பாதுகாப்பான கலவை: நல்ல ஆங்கிலம், ஈ மேத்ஸ், வேதியியல் இருக்கும் ஓர் அறிவியல், மனிதவியல், தமிழ், கூடவே பிள்ளைக்குப் பிடித்த ஒன்று. இதில் பெரும்பாலான கதவுகள் திறந்தே இருக்கும்; ஜேசியில் ஹெச்2 கணிதம் பக்கம் போகலாம் என்று தோன்றினால் மட்டும் ஏ மேத்ஸையும் யோசியுங்கள்.

ஐடிஇக்குப் போனால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?

சொல்வார்கள். தீபாவளிக்கு வந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே சொல்வார்கள். ஆங் மோ கியோ, சீமெய், சுவா சூ காங் மூன்று இடத்திலும் இருக்கும் கல்லூரிகளை அவர்கள் ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்த்திருந்தால் பேச்சு மாறியிருக்கும். இப்போது உயர் நைட்டெக் என்ற ஐடிஇ மேல்நிலைச் சான்றிதழ் வரை மூன்றாண்டில் முடிக்கும்படி பாடத்திட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து பாலிக்குப் போகலாம், அல்லது வேலை பார்த்துக்கொண்டே பட்டயம் படிக்கலாம். கையால் செய்து கற்கும் பிள்ளையை நான்கு ஆண்டு தியரியில் அடைத்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தேர்வுக்கு முன்பே பாலியில் இடம் வாங்க முடியும் என்கிறார்களே?

முடியும். இஏஇ (முன்கூட்டிய சேர்க்கை) என்று பெயர். நான்காம் ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்வத்தையும் திறனையும் பார்த்து நேர்காணல் வைப்பார்கள். கிடைத்தால் அது நிபந்தனையோடு கூடிய இடம். தேர்வில் குறைந்தபட்சத் தகுதி கண்டிப்பாக வேண்டும். ஆகவே தொடர்புள்ள பாடத்தை உயர்நிலை இரண்டில் விட்டவர்களுக்கு இதுவும் கைகொடுக்காது.

பையன்களுக்கு என்.எஸ். வருகிறதே, அதனால் வழி மாறுமா?

ஜேசி இரண்டாண்டு, பாலி மூன்றாண்டு. முடித்த பிறகுதான் கட்டாய தேசிய சேவை இரண்டாண்டு. பாடத் தேர்வை இது மாற்றாது. ஆனால் ஹெச்2 கணிதத்தை இரண்டாண்டு தொடாமல் இருந்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகும் பையன்கள் அதை மறந்துபோய்த் திணறுவதுண்டு. அதைச் சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஜேசிக்குப் போனால் பல்கலைக்கழகப் புள்ளி எப்படி?

2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70. மூன்று ஹெச்2 பாடங்களுக்கு 60, பொதுத்தாளுக்கு (ஜெனரல் பேப்பர்) 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியை உயர்த்தினால் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள்.

படிவத்தைப் போட்டாச்சு, கேட்டது கிடைக்கலை. மாற்ற முடியுமா?

முறையீடு செய்யலாம். பள்ளிகள் பொதுவாக ஆண்டுத் தேர்வு முடிவுகளுக்குப் பிறகு சில நாள் மட்டும் அவகாசம் தருகின்றன. அதனால் விடுமுறைக்கு இந்தியா டிக்கெட் போடுமுன் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடிதத்தில் 'என் பிள்ளை ரொம்ப ஆசைப்படுகிறாள்' என்று ஒரு பக்கம் எழுதுவதால் பெரிய பலன் இருக்காது. அந்தப் பாடத்தில் ஆண்டு முழுக்க வாங்கிய மதிப்பெண்கள், போக நினைக்கும் படிப்பு, அது கேட்கும் பாடம் இந்த மூன்றும் இருந்தால் போதும். முடிந்தால் பிள்ளையே எழுதட்டும், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்.

உயர்நிலை மூன்று தொடங்கி முதல் சில வாரங்களுக்குள் ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ சில பள்ளிகள் விடுகின்றன. அதற்குப் பிறகு பாடத்தை விடுவது எளிது, புதிதாகச் சேர்ப்பது மிகக் கடினம். எனவே ஏ மேத்ஸ் போலச் சந்தேகம் இருக்கும் பாடத்தை முதலில் எடுத்துப் பார்த்து, ஜூன் வரை போராடி, முடியாவிட்டால் விடுவதற்குப் பள்ளி சம்மதிக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி நான் பட்டது போதும்.